சர்வே வேலைக்குக் கூப்பிட்டால், "வர்றேன்" என்று சொல்வதற்கு முன்னாடி: நம்ம ராமநாதபுரம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

"சர்வே வேலை இருக்கு, பன்னிரண்டாவது பாஸ் போதும், டேப் (டேப்லெட்) நாங்களே தருவோம், நாளைக்குக் காலை எட்டு மணிக்கு ராமநாதபுரம் புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க." இந்த மாதிரி ஒரு வாட்ஸ்அப் செய்தி உச்சிப்புளியிலிருந்து சாயல்குடி வரைக்கும் வருஷத்தில் நாலைந்து தடவையாவது சுற்றும். பார்த்ததும் நம்ம பிள்ளைகள் செய்வது ஒன்றுதான், "நான் வர்றேன் சார்" என்று பதில் போடுவது. எவ்வளவு, எத்தனை நாள், யார் தருவார், எப்போது தருவார், எதையும் கேட்பதில்லை. கேட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களோ என்ற பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது, அதற்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் மண்டபம் பக்கத்து ஊர்க்காரி. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போனவர். டிகிரி முடித்த வருஷம் கதவு தட்டிக் கேள்வி கேட்கும் வேலையில் ஆரம்பித்து, சூப்பர்வைசராகி, இப்போது மற்றவர்கள் எடுத்த பேட்டிகளைச் சரிபார்ப்பதும் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுப்பதுமாக இருக்கிறேன். மார்க்கெட் ரிசர்ச் துறைக்கு எப்படிப்பட்ட ஆள் வேண்டும் என்று சொல்லித்தர நிறையப் பேர் உண்டு. வேலைக்கு வருகிற நாம் என்ன எதிர்பார்க்கலாம், எதைக் கேட்டே ஆக வேண்டும் என்று சொல்லித்தரத்தான் ஆள் இல்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது

ஒரு சோப்புக் கம்பெனியோ செல்போன் கம்பெனியோ, ஜனங்கள் எதை வாங்குகிறார்கள், எதை விட்டுவிட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று தெரிந்துகொள்ள ஓர் ஆய்வு நிறுவனத்துக்குப் பணம் கொடுக்கும். கான்டார், நீல்சன்ஐக்யூ, இப்சாஸ் என்று நீங்கள் கேள்விப்படுகிற பெயர்கள் இந்த வகை. ஆய்வு நிறுவனம் கேள்விகளைத் தயாரித்து, பல நேரங்களில் களவேலையைச் சென்னையிலோ மதுரையிலோ இருக்கிற ஒரு ஃபீல்டு ஏஜென்சியிடம் விடும். ஏஜென்சி ஒரு சூப்பர்வைசரைப் பிடிக்கும். சூப்பர்வைசர் உங்களைப் பிடிப்பார். அப்படியென்றால் உங்கள் கைக்கு வருகிற ரூபாய் மூன்று நாலு கை மாறித்தான் வருகிறது, ஒவ்வொரு கையிலும் கொஞ்சம் குறையும், ஒவ்வொரு கையிலும் கொஞ்ச நாள் தங்கும். இது யாரோ ஒருவருடைய கெட்ட எண்ணத்தால் நடப்பதில்லை, தொழில் நடக்கிற முறையே அப்படி. ஆனால் உங்களுக்கும் பணம் கொடுக்கிறவருக்கும் நடுவில் எத்தனை பேர் என்பது தெரிந்திருந்தால், பணம் தாமதமாகும்போது யாரைக் கேட்பது என்பது தெரியும்.

கம்பெனி சர்வே மட்டும்தான் என்று இல்லை. மத்திய அரசு 2018-ல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் உள்ள 112 மாவட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து இருப்பவை ராமநாதபுரமும் விருதுநகரும்தான். அதனால் சத்துணவு, பள்ளிக்கூடம், தண்ணீர் என்று வீட்டுக்கணக்கு எடுக்கிற வேலையும் இங்கே வரும். மண்டபத்தில் மையம் வைத்திருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2010-லும் 2016-லும் மீனவர் கணக்கெடுப்பு நடத்தியது. ஒரு வகையில் பழகிய கை எல்லா வகைக்கும் உதவும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும் வேறு கதை, அதில் பெரும்பாலும் ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும்தான் போடுவார்கள். அதில் இடம் வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நம்ப வேண்டாம்.

உங்களுக்கு எது வேண்டும்?

இதை யோசிக்காமல் இறங்குகிறவர்கள்தான் மூன்றாம் நாள் டேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். என்னிடம் பயிற்சிக்கு வந்தவர்களைப் பார்த்ததில், பெரும்பாலும் மூன்று விதமான தேவையோடு வருகிறார்கள்.

சிலருக்கு இடைவெளியில் ஒரு வருமானம் வேண்டும். ஏப்ரல் 15-லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வரவு இல்லை, அல்லது குரூப் 4-க்குப் படித்துக்கொண்டிருக்கிறார், புத்தகச் செலவுக்கு வேண்டும். இவர்களுக்கு வீடு வீடாகப் போகிற சர்வே சரியாக வரும். இரண்டு மூன்று வாரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒன்று, பணம் வர ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம், ஆகவே தடைக்காலத்துச் சாப்பாட்டுக்கே அந்தப் பணத்தை நம்பி இருந்தால் வாரக்கூலி தருகிறவரிடம் மட்டும் போங்கள்.

சிலருக்கு ஊரை விட்டுப் போகாமல் மாதாமாதம் ஏதாவது வர வேண்டும். குழந்தை இருக்கும், வயதான மாமியார் இருப்பார். இவர்கள் வீட்டு சர்வேயைத் துரத்த வேண்டாம். ரீடெய்ல் ஆடிட் என்று ஒன்று இருக்கிறது, ஒரே மளிகைக்கடைகளுக்கும் மெடிக்கல்களுக்கும் மாதம் தவறாமல் போய் இருப்பு எவ்வளவு, கொள்முதல் எவ்வளவு என்று குறித்து வருவது. வண்டி ஓட்டத் தெரிந்து, கடைக்காரர்களிடம் முகம் பழகிவிட்டால் வருஷக்கணக்கில் ஓடும். இல்லையென்றால் வீட்டிலிருந்தே செய்கிற வேலை: பேட்டி உண்மையாக நடந்ததா என்று போன் போட்டுக் கேட்பது, ரெக்கார்டிங்கைக் கேட்டுச் சரிபார்ப்பது, குழு உரையாடலின் ஆடியோவைக் கேட்டு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வது. கடைசியாகச் சொன்னதில் நமக்கு ஒரு தனி இடம் இருக்கிறது. பாம்பன் பெண்கள் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற ஆடியோவை வெளியூர்க்காரர் கேட்டால் பாதி புரியாது. "இந்த வாரம் பாடே இல்ல" என்று ஒரு அக்கா சொன்னதை, 'வேலை கஷ்டமாக இல்லை' என்று யாரோ மொழிபெயர்த்து அனுப்பியதை நான் திருத்தியிருக்கிறேன். மீன் பிடிபடவில்லை என்பது கஷ்டமே இல்லை என்று தலைகீழாகப் போயிருந்தது. இந்த வேலைக்கு ஆடியோ மணிக்கணக்கில் காசு. ஒரு மணி நேர ஆடியோவை எழுத எனக்கு ஆறு மணி நேரம் ஆகும், ஆகவே சொல்கிற தொகையை ஆறால் வகுத்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகை, இதையே தொழிலாக வைத்து மேலே போக நினைப்பவர்கள். கீழக்கரைக் கல்லூரிகளிலும் சேதுபதி அரசு கலைக் கல்லூரியிலும் டிகிரி முடித்துவிட்டு, சென்னைக்கோ பெங்களூருக்கோ போய் ரிசர்ச் எக்ஸிகியூட்டிவ் ஆக ஆசை. நல்ல ஆசை. அவர்களுக்கு நான் சொல்வது, முதல் ஒரு வருஷம் காசை மட்டும் பார்க்காதீர்கள், எந்த வேலையில் எதைக் கற்றுக்கொள்கிறோம் என்று பாருங்கள் என்பதுதான். அதற்கு வழி பின்னால் சொல்கிறேன்.

காசு பேசுவது

இங்கேதான் கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கூலி இரண்டு விதமாகச் சொல்வார்கள், நாள்கூலி அல்லது பேட்டி ஒன்றுக்கு இவ்வளவு. பேட்டிக்கணக்கு கேட்கும்போது பெரிதாகத் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டி 40 நிமிஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் பேட்டி முடித்த பிறகு, விதிப்படி சில வீடுகள் தாண்டி, கதவைத் தட்டி, பூட்டியிருந்தால் அடுத்தது, தகுதியான ஆள் இல்லையென்றால் அதற்கடுத்தது என்று இன்னோர் ஆளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகும். ஆக ஒன்றுக்கு 70 நிமிஷம். எட்டு மணி நேர நாளில் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி, சாப்பாட்டுக்கு அரை மணி போனால் மிச்சம் ஆறு மணி, அதாவது 360 நிமிஷம். ஐந்து பேட்டி, அவ்வளவுதான். "நாளைக்கு எட்டு போடலாம்மா, எல்லாரும் போடுறாங்க" என்று ஒருவர் சொன்னால், அந்த எல்லோரும் எப்படிப் போடுகிறார்கள் என்பதை நீங்களே ஊகிக்கலாம். கேள்வித்தாள் எத்தனை நிமிஷம் என்று கேட்டு, இந்தக் கணக்கை நீங்களே ஒரு தடவை போட்டுப் பாருங்கள், அப்புறம் வாயைத் திறவுங்கள்.

அடுத்தது பஸ் காசு. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் 55 கிலோமீட்டருக்குக் கிட்ட. கீழக்கரை 17 கிலோமீட்டர்தான், ஆனால் அங்கிருந்து ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று போகப் போக பஸ் குறையும். மெயின் ரோட்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்க வேண்டியிருக்கும். பயணப்படி என்று ஒரே தொகையாகச் சொன்னால் எந்த ஊருக்கும் அதே தொகையா என்று கேளுங்கள். வண்டி இருந்தால் பெட்ரோல் கிலோமீட்டர் கணக்கா என்று கேளுங்கள். பயிற்சி நாளுக்குக் காசு உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், ரெண்டு நாள் பயிற்சி என்றால் அது ரெண்டு நாள் கூலி. டேப்புக்கு நெட் யார் போடுவது, சொந்த போனில் செய்யச் சொன்னால் அதற்கு என்ன தருவார்கள் என்பதும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது ரிஜெக்ட், அதாவது எடுத்துக் கொடுத்த பேட்டியைச் செல்லாது என்று தள்ளிவிடுவது. இப்போது என் கதை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரைக்கும் 19 நாள் நடந்தேன். பேட்டிக்கணக்கு. வேலை முடிந்து இரண்டு மாதம் கழித்துப் பணம் கேட்டபோது, உன்னுடையதில் 23 பேட்டி ரிஜெக்ட், அதற்குக் காசு இல்லை என்றார்கள். ஏன் ரிஜெக்ட் என்று கேட்டேன், மேலே இருந்து வந்தது என்றார்கள். மேலே யார் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எந்த 23 என்றுகூடச் சொல்லவில்லை. அந்த வீடுகளுக்கு நான் வெயிலில் போனதும், ஒரு வீட்டில் மோர் கொடுத்ததும் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. என் தப்பு என்றால் திருத்திக்கொள்ள வேண்டும், அதற்காவது காரணம் தெரிய வேண்டாமா? அன்றிலிருந்து நான் வேலைக்கு ஒப்புக்கொள்வதற்கு முன் கேட்கிற முதல் கேள்வி கூலி பற்றியது இல்லை, ரிஜெக்ட் ஆனால் எத்தனை நாளுக்குள், என்ன காரணம் என்று சொல்வீர்கள் என்பதுதான். ஒழுங்கான இடத்தில் இரண்டு மூன்று நாளில் சொல்லிவிடுவார்கள், ஏனென்றால் அப்போதுதான் அந்த ஊரிலிருந்து கிளம்புவதற்குள் மறுபடி எடுக்க முடியும்.

நேரில் கேட்கத் தயக்கமாக இருந்தால் வாட்ஸ்அப்பில் இப்படிப் போடுங்கள், நான் என் தங்கைக்கு எழுதிக் கொடுத்தது இது:

"வணக்கம் சார். வேலைக்கு வர எனக்குச் சம்மதம். சில விவரம் மட்டும் தெரிஞ்சா வசதியா இருக்கும். எந்த ஏஜென்சி மூலமா வேலை? நாள்கூலியா, பேட்டிக்கணக்கா, எவ்வளவு? பேட்டி எத்தனை நிமிஷம், ஒரு நாளைக்கு எத்தனை? பயிற்சி நாளுக்கும் பஸ்ஸுக்கும் தனியா உண்டா? ரிஜெக்ட் ஆனா எத்தனை நாளில் சொல்வீங்க? பணம் எந்தத் தேதிக்குள், யார் கணக்கிலிருந்து வரும்? நன்றி சார்."

மரியாதையான செய்தி. பதில் எழுத்தில் வந்துவிடும், அதுதான் உங்களிடம் இருக்கப்போகிற ஒரே ஆவணம், அழிக்காதீர்கள். போனில் மட்டும் பதில் சொன்னால், பேசி முடித்ததும் "இப்போ பேசினபடி சார்" என்று ஆரம்பித்து அவர் சொன்னதை நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள். இதைக் கேட்டதற்காக வேலை தரமாட்டேன் என்கிற இடம், வேலை முடிந்த பிறகு பணத்தையும் தராது. நான் சூப்பர்வைசராக இருந்தவரைக்கும் இப்படிக் கேட்ட பிள்ளைகளைத்தான் முதலில் எடுத்தேன், கேள்வி கேட்கிற வேலைக்குக் கேள்வி கேட்கத் தெரிந்தவர் வேண்டும் அல்லவா.

வரி பிடித்தம் செய்தேன் என்று சொல்லித் தொகையைக் குறைத்தால், உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று வருமானவரித் தளத்தில் பாருங்கள். ஏறியிருந்தால், உங்கள் வருமானம் வரி வரம்புக்குள் வராதபோது ரிட்டர்ன் போட்டுத் திரும்ப வாங்கலாம்.

பெண்கள் கவனத்துக்கு

இந்தக் கடற்கரையில் பெண் பேட்டியாளர் இல்லாமல் பல வேலை நடக்காது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வீட்டில் ஆண்கள் வெளிநாட்டில் இருப்பார்கள், வீட்டுப் பெண்களிடம் உட்கார்ந்து பேச ஒரு பெண்தான் போக முடியும். ஆகவே நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்க வேண்டியதில்லை. ஜோடியாகத்தான் போவேன், இருட்டுவதற்குள் பஸ் ஏறிவிடுவேன், கழிப்பறை வசதி பார்த்து மதியம் ஓர் இடத்தில் நிறுத்துவேன் என்று சொல்லுங்கள். ஐடி கார்டும் அனுமதிக் கடிதமும் இல்லாமல் எந்த ஊருக்குள்ளும் போகாதீர்கள். ஊர்த்தலைவரிடம், ஜமாத்தில், சர்ச் பங்கில் முதலில் சூப்பர்வைசர் போய்ச் சொல்லிவிட்டு வரட்டும்.

வேலை இடத்தில் பாலியல் தொல்லை என்றால், அதைத் தடுக்க வந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தற்காலிக வேலைக்காரருக்கும் நாள்கூலிக்கும் பொருந்தும், வேலைக்காகப் போகிற இடமும் வேலை இடம்தான். ஏஜென்சியில் பத்துப் பேருக்குக் குறைவு என்றாலும் மாவட்ட அளவில் அதற்கென்று ஒரு குழு உண்டு. அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

நமக்குத் தெரிந்ததற்கு மதிப்பு இருக்கிறது

நம்ம பிள்ளைகள் தங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு பயிற்சிக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். கேள்வித்தாள் எழுதியவருக்குத் தெரியாத பத்து விஷயம் உங்களுக்குத் தெரியும், அதைச் சொன்னால்தான் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

உதாரணம் ஒன்று. 2011-லிருந்து இந்தத் துறையில் வீடுகளை வசதிப்படி பிரிக்க ஒரு முறை இருக்கிறது. வீட்டுச் செலவுக்கு அதிகம் கொடுப்பவர் எதுவரை படித்தார், 11 பொருளில் எத்தனை வீட்டில் இருக்கிறது, இந்த இரண்டை வைத்து ஏ1 முதல் இ3 வரை 12 படி. அந்தப் பதினொன்றில் மின்சார இணைப்பு, ஃபேன், கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி எல்லாம் உண்டு. பதினொன்றாவது விவசாய நிலம். படகு கிடையாது! பல லட்சம் போட்டு வாங்கிய ஃபைபர் படகும் எஞ்சினும் வலையும் இருக்கிற தங்கச்சிமடத்து வீடு, அப்பா ஐந்தாவதோடு நிறுத்தியவர் என்பதால் கீழ்ப்படியில் விழும். அதே வீட்டுக்குக் கொஞ்சம் கருவேலங்காடு பட்டாவில் இருந்தால், அது விவசாய நிலக் கணக்கில் வருமா வராதா? இதைப் பயிற்சியில் எழுந்து கேளுங்கள். நீங்களாக மாற்றி எழுதக் கூடாது, படகைக் கார் என்று போடக் கூடாது, ஆனால் கேட்க வேண்டும், குறிப்பு எழுத வேண்டும். இப்போது ஐசெக் என்று புது முறை ஒன்று வந்திருக்கிறது, அதில் பொருள் கணக்கு இல்லை, சம்பாதிப்பவரின் தொழிலும் வீட்டில் உள்ளவர்களின் படிப்பும்தான், வீட்டில் அதிகம் படித்த பெண்ணின் படிப்பும் அதில் சேரும். நம்ம ஊர்களில் அப்பா கையெழுத்து மட்டும் போடுவார், மகள் எம்.எஸ்சி. முடித்திருப்பாள், அந்த வீடு இப்போது வேறு படிக்கு வரும். இந்த இரண்டு முறையையும் தெரிந்து வைத்திருப்பவரைப் பயிற்சி கொடுப்பவர் மறக்கமாட்டார்.

அடுத்தது வருமானம். "உங்கள் மாத வருமானம் என்ன?" என்று டேப் கேட்கும். பங்குத்தொழில் செய்பவருக்கு மாத வருமானம் ஏது? டீசல், ஐஸ் கழித்து, படகுப் பங்கு போக மிச்சத்தைப் பிரிக்கிறார்கள், ஒரு நாள் நாலாயிரம், நாலு நாள் ஒன்றுமில்லை. மே மாதத்தில் போய் "போன 30 நாளில்" என்று கேட்டால் விசைப்படகுக்காரர் வீட்டில் வரவு பூஜ்யமாக வரும், அது அந்த வீட்டின் நிலை இல்லை, தடைக்காலத்தின் நிலை. கீழக்கரையில் அதிகம் சம்பாதிப்பவர் துபாயில் இருப்பார், அவரைக் குடும்ப ஆளாக எண்ணுவதா என்று சர்வேக்கு சர்வே விதி மாறும். இவற்றையெல்லாம் களத்துக்குப் போன பிறகு கண்டுபிடிப்பது ஆய்வு நிறுவனத்துக்கு நஷ்டம், பயிற்சியிலேயே சொல்கிற ஆள் கிடைத்தால் லாபம்.

நேரமும் அப்படித்தான். வீட்டில் யாரைப் பேட்டி எடுப்பது என்பதை நாம் தேர்வு செய்யக் கூடாது, லெஸ்லி கிஷ் என்பவர் 1949-ல் எழுதிய கட்டமுறைப்படி டேப்பே ஓர் ஆளைச் சொல்லும். அந்த ஆள் கடலில் இருப்பார். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் நாள் பிரித்து வைத்திருக்கிறார்கள், எந்த நாளில் யார் கரையில் இருப்பார் என்பது உங்கள் வீட்டிலேயே தெரியும். விடிகாலை கரைக்கு வந்தவரை மதியம் தூக்கத்தில் எழுப்பினால் பேட்டி கிடைக்காது, திட்டுதான் கிடைக்கும். ஏலம் முடிகிற வரை பெண்கள் வீட்டில் இருக்கமாட்டார்கள், கடல்பாசி எடுக்கப் போகிற நாளில் வீட்டில் பார்க்கவே முடியாது. வெள்ளி மதியம் ஜும்மா, ஞாயிறு காலை பூசை, நோன்பு மாதத்தில் மாலை நேரம், இவற்றைத் தவிர்த்து ஒரு அட்டவணை போட்டு முதல் நாளே சூப்பர்வைசரிடம் கொடுங்கள். நான் சூப்பர்வைசர் ஆனதே அப்படி ஓர் அட்டவணையால்தான்.

செய்யக் கூடாதது

மரத்தடியில் உட்கார்ந்து தானாகவே பதில் போட்டு நிரப்புவது. எல்லோரும் செய்கிறார்கள் என்பார்கள். டேப் உங்கள் இடத்தைக் குறித்துக்கொள்ளும், பேட்டி எத்தனை நிமிஷம் ஓடியது என்று குறித்துக்கொள்ளும், பல சர்வேக்களில் நடுநடுவே குரலையும் பதிவு செய்யும், அப்புறம் என்னைப் போல் ஒருவர் அந்த வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்பார். மாட்டுவது மட்டும் காரணம் இல்லை. அங்கன்வாடியில் முட்டை கிடைக்கிறதா என்ற கேள்விக்கு நீங்கள் மரத்தடியில் "ஆம்" போட்டால், கிடைக்காத குழந்தைக்கு அது கிடைக்காமலே போகும். அந்தக் குழந்தை நம்ம ஊர்க் குழந்தை. இலக்கு எட்டவில்லை என்றால் எட்டவில்லை என்று சொல்லிவிடுங்கள்.

பேட்டி கொடுத்தவரின் பெயர், போன் நம்பரை உங்கள் போனில் வைத்துக்கொள்ளாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 வந்த பிறகு இதில் ரொம்பக் கவனமாக இருக்கிறார்கள். சர்வே என்று போய் எதையும் விற்கவும் கூடாது.

மேலே போக

கோபோ டூல்பாக்ஸ் என்று இலவசமாக ஒன்று இருக்கிறது, டேப்பில் ஓடுகிற சர்வே ஃபாரத்தை நீங்களே உருவாக்கலாம். உங்கள் தெருவில் 30 வீட்டில் ஒரு சின்ன சர்வே எடுங்கள், எந்த டீத்தூள் வாங்குகிறார்கள், ஏன் என்று. வந்ததை எக்செல்லில் பிவோட் டேபிள் (தொகுப்பு அட்டவணை) போட்டு ஒரு பக்கம் எழுதுங்கள். இன்டர்வியூவில் சர்டிஃபிகேட்டை நீட்டுவதற்குப் பதில் இந்த ஒரு பக்கத்தை நீட்டுங்கள். எஸ்.பி.எஸ்.எஸ். என்கிற புள்ளிவிவர மென்பொருளைக் கற்க ஆசை, காசு இல்லை என்றால் பி.எஸ்.பி.பி. என்ற இலவச மென்பொருள் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும். ஆங்கிலம் சரளமாகப் பேச வராவிட்டாலும் பரவாயில்லை, படித்துப் புரிந்து எழுத வந்தால் போதும். அப்புறம் ஒன்று, பேட்டியில் "மற்றவை" என்ற இடத்தில் விழுகிற ஜனங்களின் பதில்களை வகை பிரித்து எண் கொடுக்கிற கோடிங் வேலையைக் கேட்டு வாங்குங்கள், கதவு தட்டுவதிலிருந்து மேசைக்குப் போக அதுதான் பக்கத்து வாசல்.

டெலிகிராமில் "ஹோட்டலுக்கு ரேட்டிங் போடு, நாளுக்கு இரண்டாயிரம்" என்று வருவது சர்வே வேலை இல்லை. முன்பணம், பதிவுக் கட்டணம், கிட் கட்டணம் என்று எதைக் கேட்டாலும் ஓடிவிடுங்கள், உண்மையான ஆய்வு நிறுவனம் உங்களுக்குத்தான் காசு தரும். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்க வழி உண்டு.

கடைசியாக டேப் விஷயம். வாங்கும்போதே கண்ணாடி, சார்ஜர், கீறல் எல்லாம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள், உப்புத்தண்ணீர் பட்டால் யார் பொறுப்பு என்று கேட்டுவிடுங்கள், வள்ளத்துப் பக்கம் போகும்போது பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். சிக்னல் இல்லாத ஊரில் எடுத்த பேட்டிகள் டேப்பிலேயே தங்கியிருக்கும், சாயங்காலம் நெட் கிடைக்கிற இடத்தில் ஏற்றியதும் எத்தனை ஏறியது என்ற எண் திரையில் வரும், தினமும் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதிப்படி வையுங்கள். வேலை முடிகிற நாளில், டேப்பைக் கையில் கொடுப்பதற்கு முன், எத்தனை நாள் எந்தெந்த ஊரில் வேலை செய்தேன் என்று ஒரு அனுபவக் கடிதம் கேளுங்கள். டேப்பைக் கொடுத்துவிட்டு வந்து கேட்டால் அடுத்த வாரம் என்பார்கள்.